ஒரு கை வைத்த பனியன்

ஆலயத்தில் அறுப்பின் பண்டிகைக்குப் படைக்க எதைக் கொண்டுபோவது என்று எனக்கு விளங்கவில்லை. முதலிபாளையத்தில் நான்கு தையல் எந்திரங்களை வைத்து, ஏற்றுமதி நிறுவனங்களுக்குப் பனியன் தைத்துக் கொடுத்துவந்தேன். வெளிநாட்டு ஆர்டர் பாதியில் நின்றது. மாதங்கள் கடந்தும் வேறு வேலை வரவில்லை. எந்திரங்களை விலைக்கு எடுத்துக்கொள்ள ஒரு வியாபாரி திங்கட்கிழமை வருவதாக இருந்தார். அவை போனால் தொழிலும் போயிற்று. விளையாத ஆண்டில் விளைச்சலுக்கு நன்றி சொல்வது பொய்யாகாதா என்று மனைவியிடம் கேட்டேன்.

"ஊட்டுல என்ன இருக்குதோ அதக் கொண்டு போலாமுங்க. கடையில பூசணிக்கா வாங்கிப் படைக்கறதுதான் பொய்யி."

வீட்டில் இருந்தது ஒன்றே. ஆர்டர் நின்றுவிட்டதாகத் தொலைபேசி வந்த வேளையில் எந்திரத்தில் இருந்த பனியன். ஒரு கை மட்டுமே வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. அதை மடித்து எடுத்துச் சென்றேன். காணிக்கையாகவா, கடவுளிடம் முறையீடாகவா என்பதை இன்றும் என்னால் பிரித்தறிய இயலவில்லை.

ஆராதனை முடிந்ததும், படைத்தவற்றை வழக்கம்போல் ஆலய வளாகத்தில் ஏலம் விட்டனர். வாழைத்தார் போயிற்று, சேவலும் போயிற்று. என் பனியனை விரித்த சபைப் பெரியவர் திகைத்தார்.

"இதென்னுங்க, ஒரு கையக் காணோம்?"

"ஒரு பக்கந்தான் குளிருமாட்ட இருக்குதுங்க!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தனர். நான் சேவலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குக் குடுங்க," என்றார் ஒரு பெண். என்னிடம் துணிகளை இணைத்து ஓரம் அடிக்கும் ஓவர்லாக் எந்திரம் ஓட்டியவர். ஆர்டர் நின்றதால் அவரும் வேலை இழந்திருந்தார். போட்டிக்கு ஆளில்லை. வாங்கிய பனியனை என்னிடமே நீட்டினார்.

"இன்னொரு கைய வெச்சுக் குடுங்கண்ணா. பையனுக்குக் கிறிஸ்மசுக்கு ஆகும்."

"அந்தத் துணி தீந்துபோச்சும்மா. வேற கட்டுத் துணியில வெச்சா நெறம் ஒத்து வராதே."

"கம்பெனிக்காரங்களா பாக்கப்போறாங்க? மிசினு இருக்குதில்லீங்க?"

இருக்கிறது என்றேன். அப்படிச் சொன்னது ஏன் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை வியாபாரி மூன்று எந்திரங்களை வண்டியில் ஏற்றிவிட்டு ஓவர்லாக்கிடம் வந்தார்.

"இது இருக்கட்டுங்க. வேலை பாக்கி இருக்குது."

"எத்தன பீஸுங்க?"

"ஒரு கை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?"

ஒரு கை வைப்பது சில நிமிட வேலை. அதை முடித்துவிட்டால் எந்திரத்தை வைத்திருக்கக் காரணம் இராது என்றோ என்னவோ, கிறிஸ்துமசுக்கு முந்தின நாள்வரை நான் தைக்கவில்லை. அதுவரை காலைதோறும் எந்திரத்தைத் துடைத்து எண்ணெய் விட்டேன். மாதக்கணக்காக வாயில் வராதிருந்த செபம் அப்போது வந்தது. அதில் எதைக் கேட்டேன் என்பது மட்டும் நினைவில்லை.