முதல் மார்க்குக்கு இரண்டு படம்

டிசைன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கல்யாண சீசனுக்குப் பயப்படாதீர்கள். பிளஸ் டூ ரிசல்ட் நாளுக்குப் பயப்படுங்கள்.

கல்யாண ஃப்ளெக்ஸில் மாப்பிள்ளை யாரென்று முன்கூட்டியே தெரியும். ரிசல்ட்டில் தெரியாது. ஆனாலும் எங்கள் தேனிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் பொறுமை கிடையாது. முதல் மார்க் யாருக்கு என்று தாங்களே முடிவுகட்டி, அந்தப் பிள்ளையின் படத்தை முன்னாலேயே தந்துவிடுவார்கள். மார்க் போடும் இடத்தை மட்டும் காலியாக விட்டு டிசைனை ரெடியாக வைத்திருப்பேன். ரிசல்ட் வந்த சூட்டோடு பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் தொங்க வேண்டும். போட்டிப் பள்ளிக்கூடம் முந்திவிட்டால் தாளாளர்களுக்குச் சோறு இறங்காது.

ஒரு வருடம் அப்படித் தயாராக இருந்தது முத்துலட்சுமியின் படம். வருசநாட்டுப் பெண், ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். ரிசல்ட் வந்ததும் தாளாளர் போன் செய்தார்.

"ஏம்மா, அந்தப் புள்ள படத்தத் தூக்கிரு. ஜெயமங்கலத்துக் கவிதா ரெண்டு மார்க் முந்திருச்சு. அவளையே அங்கன அனுப்புறேன், போட்டோ வாங்கிக்க."

தூக்குவது எனக்கு ஒரு கிளிக் வேலை. ஆனால் முத்துலட்சுமியின் அப்பா எங்கள் ஃப்ளெக்ஸ் கடைக்குள் உட்கார்ந்திருந்தார். மகள் படம் வரப்போகிறது என்று பள்ளியிலேயே சொல்லிவிட்டார்களாம். முதல் பஸ்ஸைப் பிடித்து, மடியில் லட்டு டப்பாவோடு வந்திருந்தார். அந்த மனிதரிடம் எதைச் சொல்வது? "மிஷின் சூடாகணும்ணே" என்று டீ குடிக்க அனுப்பினேன். தாளாளர் மேல் வந்த ஆத்திரத்தில் மவுஸை உடைத்திருப்பேன்.

கவிதா வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் போட்டோவைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"அவ படத்த எடுக்காதீகக்கா. அவ ஒரு பாடம் முடிச்சா நான் ரெண்டு முடிப்பேன். அவள முந்தணும்னுதேன் படிச்சேன். அவ இல்லாட்டி நான் யார முந்துறது? ரெண்டு பேரையும் போட்டாத்தேன் தருவேன்."

தாளாளரைக் கூப்பிட்டேன். "முதல் மார்க்குன்னா ஒரு ஆளுதேன்! ரெண்டு பேரப் போட்டா எவன் மதிப்பான்?" என்று கத்தினார். நான் வாதாடவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"சார், புள்ள போட்டோவத் தர மாட்டேங்குது. அந்தப் போட்டிப் பள்ளிக்கூடத்துக்காரக ஃப்ளெக்ஸ வாங்கிட்டுக் கட்டப் போயிட்டாக."

"போயிட்டாகளா? அட, ரெண்டையும் போட்டுத் தொலைம்மா, சீக்கிரம்!"

முத்துலட்சுமியைத் தூக்கச் சொன்ன அதே போட்டிதான் அவளைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அச்சான ஃப்ளெக்ஸைத் தரையில் விரித்தபோது அவள் அப்பா வந்துவிட்டார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மகளின் முகத்தைத் தொட்டார். பிறகு பக்கத்துப் படத்தைக் காட்டி, "இது யாரு வீட்டுப் புள்ள?" என்றார்.

"நாந்தேன்ப்பா" என்றாள் பின்னால் நின்ற கவிதா. "ஒங்க மககூட மல்லுக்கட்டிப் படிச்சவ."

அவர் டப்பாவைத் திறந்து முதல் லட்டை அவளிடம் நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து எந்தப் பள்ளிக்கூடம் ஒரு படம் தந்தாலும் இரண்டு படத்துக்கு இடம் விட்டுத்தான் டிசைன் போட்டேன். நீங்களும் அப்படியே போடுங்கள். தனி ஆளாக ஓடி யாரும் முதலில் வந்ததில்லை.