ஸம்பத்குமாரும் சிவப்புத் தோல் சீட்டும்

ஸம்பத்குமாருக்கு ஒரு நாளைக்கு மூன்று குளியல். விடியற்காலையில் ஒன்று, கார் துடைத்துவிட்டு வந்து ஒன்று, சாயங்காலம் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன் ஒன்று. ஐப்பசியில் பிடிக்கும் சளி மாசியில்தான் விடும். நாற்பத்து மூன்று வயதில் வலது தோள்பட்டை ஒருக்களித்துப் படுக்க விடாது. ஆனாலும் குளியலைக் குறைக்க வழியில்லை. திருவள்ளூர் பெருமாள் கோயிலில் திருமஞ்சனத் தீர்த்தம் கொண்டுவரும் கைங்கரியம் அவர் குடும்பத்துடையது. மாதத்தில் ஆறு நாள் அவருடைய முறை. மற்ற நாட்களை அண்ணா வேங்கடேசனும் பங்காளிகள் இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

ஆறு நாள் கைங்கரியத்தில் குடும்பம் நடக்காது. யுத்தக் காலத்தில் ஆவடி டிப்போவுக்குக் கணக்கெழுதப் போன ஸம்பத்குமார் அங்கே லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு திரும்பியிருந்தார். அந்த வித்தைதான் சோறு போட்டது. காக்களூரில் போல்ட் நட்டு செய்யும் சின்னக் கம்பெனி வைத்திருந்த சடையப்பனிடம் டிரைவராகச் சேர்ந்தார். சடையப்பன் பூண்டிப் பக்கம் நெல் விளைவிக்கும் குடும்பம். நிலத்தை விட்டு லேத்து மெஷினுக்கு வந்தவர்.

அறுபத்தெட்டில் சடையப்பன் ஒரு ஹம்பர் கார் வாங்கினார். மெட்ராஸில் கடையைக் கட்டிக்கொண்டு சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையுடையது. யானைக்குட்டி மாதிரி கறுப்பு வண்டி. உள்ளே சிவப்புத் தோல் சீட்டு. ரெக்ஸின் இல்லை, அசல் தோல்.

"சாமி, டிரைவரும் நீங்கதான், கிளீனரும் நீங்கதான். வேற எவன் கையும் இது மேல படக் கூடாது" என்றார் சடையப்பன். அதை மரியாதை என்று நினைத்துத்தான் சொன்னார்.

முதல் மாதமே ஸம்பத்குமார் வண்டியைக் கெடுத்தார். சோப்புத் தூளைக் கரைத்துத் தினமும் கழுவினார். மூன்று வாரத்தில் கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்த அடுப்புக்கல் போலாயிற்று. பயந்துபோய் மெட்ராஸுக்கு ரயிலேறி, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் சாமான் விற்கும் கடையொன்றில் விசாரித்தார். கடைக்காரர் மூன்று டப்பாவை எடுத்து முன்னால் வைத்தார்.

"இது காம்பவுண்டு. விரல்ல தேச்சுப் பாருங்க, நெருநெருன்னு இருக்கும். ஒவ்வொரு தடவையும் பெயிண்ட்ல ஒரு தோலை உரிச்சுடும். வருஷத்துக்கு ஒரு தடவை போதும். ஓரங்கள்ல, மடிப்புல போட்டீங்க, அடியில இருக்கற பிரைமர் பூச்சு தெரிஞ்சுடும். இது தண்ணி பாலிஷ், லேசா மங்கினா போடலாம். இந்த மெழுகுதான் வண்டிக்குச் சட்டை மாதிரி. சோப்புத் தூள் போட்டா சட்டையைக் கழட்டிடும்."

காம்பவுண்டை அவர் ஒரே தடவைதான் போட்டார். பிறகு எல்லாம் மெழுகுதான். நிழலில் நிறுத்தி, தகடு ஆறும்வரை காத்திருந்து, கஞ்சி போகத் துவைத்த பழைய வேட்டித் துண்டால் ஒரு கதவு அளவுக்கு மட்டும் மெழுகைப் பூசி, அது வெளுத்து உலர்ந்ததும் வேறு துண்டால் தேய்த்து எடுக்க வேண்டும். நிறையப் பூசினால் பளபளப்பு கூடாது, கைவலிதான் கூடும். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க இதிலேயே போய்விடும்.

எழுபதில் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிக்கு இரண்டாவது ஷெட்டு கட்ட ஆரம்பித்தார் சடையப்பன். வாரத்துக்கு இரண்டு நாள் பெரியபாளையம் வழியாக அங்கே போக வேண்டும். போகிற வழியெல்லாம் செம்மண் புழுதி. அங்கே போர் தண்ணீரோ உப்பு. அதில் கழுவினால் கறுப்பு மேல் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழுந்து, எத்தனை தேய்த்தாலும் போகாது. அதனால் திருவள்ளூரிலிருந்தே இரண்டு கேனில் நல்ல தண்ணீர் பிடித்து டிக்கியில் ஏற்றிக்கொண்டு போவார். முதுகுக்கு அது இன்னொரு சுமை.

பெயிண்ட் கதை இப்படி. தோல் கதை வேறு.

அசல் தோலைத் தொட வேண்டியிருக்கிறதே என்று ஆரம்பத்திலிருந்தே அவருக்கு மனசு கூசிற்று. டிரைவர் சீட்டில் பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்டுத்தான் உட்காருவார். வண்டியோடு துரை விட்டுப்போன சாமான்களில் ஒரு மஞ்சள் டின் இருந்தது. தோலுக்குப் போடும் எண்ணெய். மேலே இருந்த ஆங்கிலப் பெயர் புரியாமல் கம்பெனி ஆபீஸில் இருந்த தடித்த அகராதியைப் புரட்டினார். மாட்டின் கால் எலும்பையும் குளம்பையும் காய்ச்சி எடுக்கும் எண்ணெய் என்று போட்டிருந்தது. அகராதியை மூடிவிட்டுக் குழாயடியில் போய்க் கை கழுவினார். டின்னை ஷெட்டில் பழைய டயர்களுக்குப் பின்னால் தள்ளினார்.

தோலுக்கு ஏதாவது போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் வெடிக்கும். செட்டியார் கடையில் விளக்கெண்ணெய் வாங்கிப் போட்டார். சீட்டு மினுமினுத்தது. சடையப்பனுக்குச் சந்தோஷம். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் போட்டார். இப்படி இரண்டு வருஷம்.

எழுபத்தொன்று சித்திரையில் சடையப்பனின் மகள் குணசுந்தரியைப் பெண் பார்க்கப் பள்ளிப்பட்டிலிருந்து வந்தார்கள். ரயிலில் வந்து இறங்கியவர்களை அழைத்துவர ஹம்பர் ஸ்டேஷனுக்குப் போயிற்று. உச்சி வெயில். வண்டி ஒரு மணி நேரம் வெயிலில் நின்று உள்ளே அடுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளையின் அப்பா வெள்ளை வேட்டியும் வெள்ளை ஜிப்பாவுமாகப் பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார்.

வீட்டு வாசலில் அவர் இறங்கித் திரும்பியபோது ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதுகிலிருந்து முழங்கால் மடிப்புவரை சிவப்பு. விளக்கெண்ணெய் தோலுக்குள் இறங்காமல் மேலாகவே தேங்கி, வெயிலில் சாயத்தைக் கரைத்து வேட்டியில் ஏற்றிவிட்டது. சடையப்பன் ஓடிப்போய்த் தம்முடைய வேட்டியைக் கொண்டுவந்தார். வந்தவர் நல்ல மனிதர். "பரவால்ல, நல்ல நாள்ல செவப்பு மங்களம்தானே" என்று சிரித்துச் சமாளித்தார். கூட வந்த கிழவி மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். சம்பந்தம் முடியுமா முடியாதா என்று ஒரு வாரத்துக்கு மேல் சடையப்பன் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அன்று சாயங்காலமே சடையப்பன் ஷெட்டுக்கு வந்தார்.

"இன்னா சாமி இது? மானம் போச்சு. சீட்டுக்கு இன்னா போட்டீங்க?"

ஸம்பத்குமார் கையிலிருந்த துண்டை மடித்தார். "ஒண்ணும் புதுசாப் போடலை மொதலாளி. வெயில்ல சாயம் விட்டுடுத்து" என்றார்.

"சாயமா? போன மாசம் தணிகாசலம்தானே பின் சீட்ட பிரிச்சுத் தெச்சான்? மட்ட சாயத்தப் பூசிட்டானா? அவன் இனிமே நம்ப கேட்டுக்குள்ள கால வைக்கக் கூடாது."

இல்லை என்று சொல்ல ஸம்பத்குமார் வாயைத் திறந்தார். சொல்லவில்லை.

தணிகாசலம் கும்மிடிப்பூண்டியில் கல்கத்தா ரோட்டோரம் லாரிப் பட்டறைக்குப் பக்கத்தில் சீட்டு தைக்கிறவர். எளாவூர் செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிற லாரிக்காரர்கள் சீட்டு கிழிந்தால் அவரிடம்தான் வருவார்கள். கம்பெனி ஆட்களை ஏற்றிவர சடையப்பன் வாங்கியிருந்த வேனுக்குச் சீட்டு தைக்கும் வேலை அவருக்குத்தான் என்று பேச்சாகியிருந்தது. அந்த வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. மட்டச் சாயம் பூசுகிறவன் என்ற பேச்சும் ரோட்டோடு பரவியது.

பத்து நாள் கழித்து, சடையப்பன் கும்மிடிப்பூண்டி ஷெட்டில் கொத்தனார்களோடு இருந்த நேரத்தில், ஸம்பத்குமார் வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். எதற்குப் போகிறோம் என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. இரவெல்லாம் தூக்கமில்லாத அலுப்பு கண்ணில் எரிந்தது.

தணிகாசலம் எழுந்து வரவில்லை. ஊசியைக் கோத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெல்ல வந்து பின் கதவைத் திறந்து, சீட்டை ஆள்காட்டி விரலால் அழுத்தித் தேய்த்து, முகர்ந்தார்.

"வெளக்கெண்ண" என்றார்.

ஸம்பத்குமார் தலையாட்டினார்.

"தையல் நூலு கூட இத்துப் போய்க்கினு கீது பாருங்க. சாயமே நான் தொடல சாமி. நூல மட்டும்தான் மாத்தினேன். பத்து நாளா ஊரெல்லாம் என்னப் பேசிக்கினு கீறாங்க. எல்லாம் தெரிஞ்சும் நீங்க சும்மா இருந்துட்டீங்களே."

"தோலுக்குப் போடச் சொல்லி துரை விட்டுப்போன மஞ்சள் டின்ல இருந்தது மாட்டுக் கொழுப்புப்பா. கோயில் கைங்கரியம் பண்ற கை. எப்படித் தொடறது?"

தணிகாசலம் கோபப்படுவார் என்று ஸம்பத்குமார் எதிர்பார்த்தார். அவர் முன்சீட்டில் மடித்துப் போட்டிருந்த வேட்டியைப் பார்த்துவிட்டு, களைத்த குரலில் சொன்னார்: "நீங்க தெனம் குந்திக்கினு ஓட்றதே மாட்டு மேலதான் சாமி. நடுவுல ஒரு துணி கீது, அவ்ளோதான்."

ஸம்பத்குமார் வண்டியில் ஏறினார். திரும்பி ஷெட்டுக்குப் போய், சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த சடையப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னார். விளக்கெண்ணெய், டின், பொய், எல்லாம். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தார். சடையப்பன் கையில் ஒட்டியிருந்த சிமெண்டைத் தட்டிவிட்டார்.

"அந்தாளு பொழப்புல மண்ண போட்டுட்டோமே சாமி, ரெண்டு பேரும் சேந்து" என்றார். பிறகு, "சம்பந்தம் முடிவாயிடுச்சு, நேத்துதான் ஆள் வந்து சொன்னாங்க. இல்லன்னா இன்னிக்கு உங்கள நான் சும்மா உட்டிருக்க மாட்டேன்" என்றார். வேன் வேலையைத் திரும்ப வாங்கித் தர முடியவில்லை, பாதி முடிந்துவிட்டது. ஆனால் தாமே பட்டறைவரை நடந்துபோய்ப் பேசினார். அடுத்து வாங்கப் போகும் வண்டிக்கு உன் கைதான் என்றார். தணிகாசலம் "சரிங்க" என்று மட்டும் சொன்னார்.

சீட்டைச் சரிசெய்யும் வழியையும் தணிகாசலமே சொன்னார். லேசான சோப்பு நீரில் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, எண்ணெய்ப் பிசுக்கை ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். இரண்டு நாள் நிழலில் கதவைத் திறந்து போட வேண்டும். அதன் பிறகு அந்த மஞ்சள் டின் எண்ணெயைத் துணியில் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தடவி, ஒரு ராத்திரி ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறைக்கு மேல் கூடாது.

"டின்னக் கொண்டாங்க, நான் தடவித் தரேன். நீங்க அப்பால நில்லுங்க" என்றார் தணிகாசலம்.

இதை ஏளனமாகச் சொல்லவில்லை. வழக்கமாகச் செய்கிற ஒரு காரியத்தைப் போலத்தான் சொன்னார். ஸம்பத்குமாருக்கு அதுதான் தாங்கவில்லை. இவரை ஊர் முன்னால் அழுக்காக்கியாயிற்று, இனி கையையும் இவர்தான் அழுக்காக்கிக்கொள்ள வேண்டுமா?

"வேண்டாம். நானே பண்ணிக்கறேன்" என்றார்.

மெட்ராஸ் கடையில் ஒரு தடவை கேட்டும் பார்த்தார், வேறு ஏதாவது உண்டா என்று. ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கிற ஒன்று முன்பு வந்துகொண்டிருந்தது, இப்போது இறக்குமதி நின்றுபோயிற்று என்றார் கடைக்காரர். ஒரு திங்கட்கிழமை காலை ஷெட்டில் டயர்களை விலக்கி டின்னை எடுத்துத் திறந்தார். பயந்த அளவுக்கு நாற்றம் ஒன்றுமில்லை. பழைய நெய் மாதிரி ஒரு மந்தமான வாசனை. விரல் நுனியில் பட்டது. சீட்டில் தடவியதும் தோல் அதைச் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் அண்ணா வீட்டு வாசலில் நின்று, "என் முறையை இனிமே நீங்களே எடுத்துக்கோங்கோ அண்ணா" என்றார்.

வேங்கடேசன் விஷயத்தைக் கேட்டு நெற்றியைச் சுருக்கினார். "யாருக்குத் தெரியப்போறது, ஸம்பத்து? ஸ்நானம் பண்ணிட்டு வா. ப்ராயச்சித்தம்னு ஏதாவது பண்ணிண்டாப் போச்சு. அப்பா காலத்துலேர்ந்து வர கைங்கரியம்டா."

"ஒவ்வொரு தடவையும் ப்ராயச்சித்தம் பண்ணிண்டு, ஒவ்வொரு தடவையும் மறைச்சுண்டு... என்னால முடியலை. வண்டி ஓட்டறதை நிறுத்தவும் முடியாது. ரெண்டையும் தூக்கிண்டு நடக்க உடம்புல தெம்பில்லை அண்ணா."

வேங்கடேசன் விரல்விட்டு நாட்களை எண்ணினார். பிறகு, "அமாவாசைக் கூட்டத்துக்கு ஆள் போறாதே" என்றார், பாதி தனக்குள்ளேயே.

மனைவி கோதைநாயகியிடம் சொன்னபோது அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "அக்கம்பக்கத்துல கேப்பாளே, என்ன சொல்றது?"

"தோள்பட்டை வலின்னு சொல்லு. அதுவும் நெஜம்தான்."

"இன்னொரு பொய்யா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, உள்ளதையே சொல்லிடு" என்றார். அவள் சொன்னாள். சில பேர் அதன் பிறகு அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். கோதைநாயகி அதைப் பற்றி ஒரு தடவைகூடக் குறைபட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அவர்களுக்குச் சொம்பு எடுத்து வைப்பதையும் நிறுத்திவிட்டாள்.

கும்மிடிப்பூண்டி போகும் நாட்களில் ஸம்பத்குமார் தயிர்சாதத்தைப் பட்டறை வேப்பமர நிழலில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். தணிகாசலம் அதிகம் பேசமாட்டார். ஏற்பட்ட காயம் முழுக்க ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. நூல் கோக்க வெளிச்சம் போதாத நாளில் மட்டும் ஊசியை நீட்டி, "கொஞ்சம் கோத்துக் குடுங்க சாமி" என்பார். ஸம்பத்குமார் கோத்துக் கொடுப்பார்.

அந்த ஆனி மாதம் அவருடைய பழைய முறையின் முதல் நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஷெட்டு வாசலில் நிழல் விழும் பக்கமாக வண்டியை நிறுத்தி மெழுகு போட்டுக்கொண்டிருந்தார். கோயில் பக்கமிருந்து மேளம் கேட்டது. தீர்த்தம் புறப்பட்டுவிட்டது என்று தெரிந்ததும் கை நின்றது. துக்கம் வரும் என்று சற்றுக் காத்திருந்தார். வரவில்லை. நிம்மதியும் வரவில்லை. தோள்பட்டை மட்டும் விண்விண்ணென்று தெறித்தது. துண்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனார்.