அம்மா மண்டபத்தில் விட்ட நீலச் சுடிதார்

என் மகள் வங்கி வேலையை விட்டுவிட்டு, கடலுக்கு அடியில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று. ஒரே பெண். ஸ்ரீரங்கத்தில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவள். இவளுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு தடவை லீவுக்குப் போய் முங்கிவிட்டு வந்தாள், அவ்வளவுதான். அதிலிருந்து பவளப்பாறை, மீன், ஆக்சிஜன் சிலிண்டர் என்றே பேச்சு. அது ஆக்சிஜன் இல்லை, வெறும் காற்றுதான் என்று என்னைத் திருத்துவது வேறு.

அந்த நிறுவனம் தூத்துக்குடிப் பக்கம் இருந்தது. கடலுக்குக் கெடுதல் செய்யாமல் சுற்றிக் காட்டுகிறவர்களாம். அதுதான் எனக்கு முதலில் இடித்தது. நல்லவன் என்று தானே சொல்லிக்கொள்கிறவனை நான் வாசற்படி ஏற்றுவதில்லை. என் வீட்டுக்காரரிடம் விசாரிக்கச் சொன்னேன். அவர் பேப்பரை மடிக்காமலே, அவள் சின்னக் குழந்தையா என்றார். சரி, நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று, மகள் ஆபீஸ் போன பிறகு அவர்களுக்குப் போன் போட்டேன். மணப்பாறையிலிருந்து பேசுகிறேன், இருபது பேர் குடும்பமாக வருகிறோம் என்று கூசாமல் புளுகினேன்.

ஒரு படகுக்கு ஆறு பேர்தான் என்றார் எடுத்தவர். மீனுக்குப் போடப் பொரி கொண்டு வரலாமா என்றேன். கூடாதாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோயில் தெப்பக்குளத்தில் பொரி போட்டால் புண்ணியம், இவர்கள் கடலில் மட்டும் பாவமா? நாம் தீனி போட்டுப் பழக்கினால் மீன் தன் இரையைத் தேடுவதை விட்டுவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். சங்கு, சிப்பி ஏதாவது எடுத்து வரலாமா என்றால் அதுவும் கூடாது. உடம்பில் வெயிலுக்குப் பூசும் கிரீமோடு இறங்கக் கூடாது. பிளாஸ்டிக் பாட்டில் படகில் ஏறக் கூடாது. இருபது பேரை வேண்டாம் என்று சொல்கிறவன் என்ன வியாபாரி? விஷயம் இல்லாமல் யாரும் இவ்வளவு நல்லவராக இருக்க மாட்டார்கள். நான் போன் செய்வேன் என்று என் மகள்தான் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அவர்களுடைய பயிற்சியாளர் ஒருவர் சனிக்கிழமைகளில் திருச்சிக்கு வந்து, ஒரு நீச்சல்குளத்தில் சொல்லிக்கொடுத்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். நான் டிபன் கொடுக்கிற சாக்கில் போய் உட்கார்ந்துகொண்டேன். அரை மணி நேரமாக என் பெண் குளத்தின் அடியில், தரைக்கு ஒரு சாண் மேலே, காலும் படாமல் கையும் படாமல் அப்படியே மிதந்தாள். கால் லேசாகத் தரையில் பட்டால் அவர் மேலே வரச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்தார். இதென்ன கூத்து, டைல்ஸ் தேய்ந்துவிடுமா என்று கேட்டே விட்டேன்.

"இங்க டைல்ஸ்தாம்மா. அங்க பவளம். ஒரு தடவை மிதிச்சா போச்சு, வளர்ந்து வர நம்ம ஆயுசு பத்தாது" என்றார்.

பேச்சில் குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கவில்லை.

வேலையில் சேர்வதற்கு முன் இன்னொரு கட்டளை வேறு. ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போகிறவர் முதலில் தன் ஊர்த் தண்ணீரைச் சுத்தம் செய்ய வேண்டுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் காவிரிக்கரை அம்மா மண்டபத்தில், ஜனங்கள் ஆற்றில் விட்டுப்போகும் துணிகளை எடுக்க வேண்டும். படித்து, பரீட்சை எழுதி வேலை வாங்கிய பெண்ணை ஊரார் அவிழ்த்துப் போட்ட வேட்டியைப் பொறுக்க வைக்கிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. நாலு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், பார்த்துக்கொண்டே இரு என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அதற்கு அடுத்த வியாழக்கிழமை அவள் தூத்துக்குடி கிளம்புவதாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு மிச்சம் இருந்தது நாலு நாள்.

பாலக்கரையில் இருக்கும் என் ஓரகத்தி ஒரு ஜோசியரைச் சொல்லியிருந்தாள். அவர் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, பெண் உடுத்திய துணி ஒன்றை, துவைக்காமல், ஓடுகிற தண்ணீரில் விடுங்கள், பிடித்த பித்து அதோடு போய்விடும் என்றார். எல்லோரையும் சந்தேகப்படுகிற நான் அவரை மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அழுக்குக் கூடையில் அவளுடைய நீலச் சுடிதார் டாப் மேலாகக் கிடந்தது. அதன் கழுத்துப் பித்தான் ஒன்று உதிர்ந்தபோது நீலம் கிடைக்காமல் நான் பச்சைப் பித்தான் தைத்திருந்தேன். ஆபீஸில் கிண்டல் செய்தார்களாம், அவள் மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அதைப் பைக்குள் திணித்துக்கொண்டு அம்மா மண்டபம் போனேன். முங்கிக் குளித்து, என் பெண் என்னை விட்டுப் போகக்கூடாது என்று வேண்டிக்கொண்டு, தண்ணீரில் விட்டேன். ஆறு எடுத்துக்கொள்ளும் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருஷமாக இங்கே குளிக்கிறவள், வெயில் காலத்தில் ஆறு எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதை மறந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போயிருக்கலாம். போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்புகிறார்களா என்று கண்ணால் பார்த்தே தீருவது என்று, ஈரத் தலையோடு ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

சரியாக எட்டு மணிக்கு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். போட்டோ எடுக்கவில்லை. மகளும் பயிற்சியாளரும் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் மூழ்கினார்கள். படிகளின் அடியிலிருந்து வேட்டி, சேலை, துண்டு என்று வந்துகொண்டே இருந்தது. மேலே நின்றவர்கள் சாக்கில் போட்டார்கள். என் கண் அவள் கைமேலேயே இருந்தது. நாலாவது தடவை அவள் எழுந்தபோது கையில் நீலம்.

அதைச் சாக்குக்கு நீட்டியவள், நிறுத்தினாள். பிரித்துப் பார்த்தாள். கழுத்துப் பித்தானைத் தடவிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிகளில் தேட ஆரம்பித்தாள். தூண் என்னை மறைக்கிற அளவுக்கு அகலம் இல்லை.

மேலே ஏறி வந்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு சொல்லியிருப்பேன்.

"நீதான் விட்டியாம்மா?"

"ஆமா. நீ போகக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு விட்டேன்."

கீழே பயிற்சியாளர் எங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பவும் மூழ்கினார்.

அவள் அந்தச் சுடிதாரை முறுக்கிப் பிழிந்தாள். மற்ற துணியெல்லாம் சாக்குக்குப் போயிற்று. இதை மட்டும் என் கையில் கொடுத்தாள்.

"வீட்டுக்குப் போய் அலசிக் காயப் போடு. வியாழக்கிழமை இதைத்தான் போட்டுக்கிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டுத் திரும்ப ஆற்றில் இறங்கினாள். அவள் போய்விடுவாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து மூன்று தண்ணீர் அலசினேன். மணல் வந்துகொண்டே இருந்தது. கொடியில் போடும்போது பார்த்தேன், பச்சைப் பித்தான் தளர்ந்து ஒற்றை நூலில் தொங்கியது. அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. ஆனாலும் காய்ந்ததும் எடுத்து வைத்துக்கொண்டு, நூலை இரட்டையாகக் கோத்து, கடலில் உதிர்ந்து விழாதபடி அந்தப் பித்தானை இறுக்கித் தைத்தேன்.