நாலுக்கு அடுத்த குரல்

இன்றைக்கும் லிப்டுக்குள் கரண்ட் போய், உள்ளே எத்தனை பேர் என்று யாராவது எண்ண ஆரம்பித்தால் என் கை தானாகப் போய் என் வாயைப் பொத்திக்கொள்ளும். நாற்பத்தெட்டு வயது, எண்பத்தாறு கிலோ. வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

அப்பாவுக்குக் கோயமுத்தூரில் ஒரு மில்லின் தீயணைப்புப் பிரிவில் வேலை. ஊரில் கலவரம் வரும் என்று பேச்சு எழுந்ததும், மில்லில் நடத்தும் ஒத்திகையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். விசில் ஊதினால் அம்மா சிலிண்டரை மூடவேண்டும். அக்கா ரேஷன் கார்டு வைத்த துணிப்பையை எடுக்கவேண்டும். அப்பா மெயினை அணைப்பார். எல்லோரும் ஜன்னல் இல்லாத சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, இருட்டில் வரிசையாக எண் சொல்லவேண்டும். அப்பா ஒன்று, அம்மா ரெண்டு, அக்கா மூணு, நான் நாலு. நாலு வந்துவிட்டால் குடும்பம் பத்திரம்.

என்னால் சும்மா இருக்க முடியுமா? ஒவ்வொரு தடவையும் 'நாலு' சொன்ன கையோடு குரலை மாற்றி 'அஞ்சு' என்பேன். அக்கா அலறுவாள். அப்பாவின் கை இருட்டிலும் என் முதுகைச் சரியாகக் கண்டுபிடிக்கும்.

ஒரு மத்தியானம் கலவரம் நிஜமாகவே வந்தது. கடைகளின் ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் சத்தம் எங்கள் தெருவரைக்கும் வந்து நின்றது. மூன்று மணிக்கு ஊதவேண்டிய மில் சங்கு ஊதவில்லை. அப்பாதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். விசிலை வாயில் வைத்தார், வெறும் காற்றுதான் வந்தது.

சாமான் அறையில் என் கையே எனக்குத் தெரியவில்லை. கிணத்துக்கடவிலிருந்து வந்த தேங்காய் மூட்டைகளின் நார் வாசம். பக்கத்தில் யாரோ மூச்சை அடக்கி அடக்கி விடுவதுபோல் இருந்தது. அது நானாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். எண்ணிக்கை ஆரம்பித்தது. நான் நாலு சொன்னதும் அம்மா என் வாயைப் பொத்திவிட்டாள்.

மூட்டைகளின் பின்னாலிருந்து ஒரு குரல், மெதுவாக, "அஞ்சுங்க" என்றது.

அக்கா என்னைக் கிள்ளினாள். நான் என்ன சொல்வேன், என் வாய்தான் அம்மாவின் கைக்குள் இருக்கிறதே. இத்தனை நாள் நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்த அஞ்சாவது ஆள் நிஜமாகவே வந்துவிட்டான் என்று தோன்றிய கணத்தில் டவுசர் நனைந்தது. அம்மாவோ கூசாமல் சொன்னாள்: "பையந்தானுங்க, விடுங்க."

அப்பாவின் கை என் முதுகைத் தேடி வரவில்லை. மூட்டைகள் பக்கம் அவர் திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "சரி. அஞ்சு பேரும் மூச்சுக் காட்டாம இருங்க."

கேட்டைத் தட்டினார்கள். நிறையக் காலடிகள். அப்பா எழுந்து போனார். குடை ரிப்பேர்காரன் இந்தப் பக்கம் ஓடிவந்தானா, உள்ளே எத்தனை பேர் என்று கேட்டார்கள்.

"நாலு பேருதானுங்க" என்றார் அப்பா, நிதானமாக. "இப்பத்தான் எண்ணிப்போட்டு வாரேன்."

தப்பைத் திருத்தலாம் என்று நான் திமிறினேன். அம்மாவின் கை பல்லில் அழுந்தும்படி இறுகியது. காலடிகள் ரொம்ப நேரம் அங்கேயே நின்றன. அப்புறம் போயின.

சாயங்காலம் அன்றைக்கே போட்ட ஊரடங்கைப் பால் வாங்க ஒரு மணி நேரம் தளர்த்தியபோதுதான் அப்பா அறைக் கதவைத் திறந்தார். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து குடை ரிப்பேர்காரர் எழுந்தார். எனக்கு வில் செய்ய உடைந்த குடைக்கம்பி கொடுக்கிறவர். அவருடைய பெயரோடு அன்றைக்குத் தெருவில் நடக்கமுடியாது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அப்பாவின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனார். பின்வாசல் வழியாக அவரை உள்ளே விட்டது தான்தான் என்று அம்மா பல வருஷம் கழித்துச் சொன்னாள். எல்லோரும் எண் சொல்லும்போது தான் மட்டும் சொல்லாமல் இருந்தால் மரியாதையில்லை என்று நினைத்தாராம் அந்த மனுஷர்.

அப்பா தனியாகத் திரும்பி வந்ததும், அஞ்சு பேர் இருக்கும்போது ஏன் நாலு என்றீர்கள் என்று கேட்டேன்.

சைக்கிளை ஸ்டாண்டு போட்டுக்கொண்டே, "எண்ணறதுல தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு" என்றார்.

மில்லில் நூற்றுக்கணக்கான ஆட்களை எண்ணுகிற என் அப்பாவுக்கு வீட்டில் அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியாது என்று சொல்லி, பள்ளிக்கூடத்தில் ரொம்ப நாள் சிரித்துக்கொண்டிருந்தேன்.