பத்து வயதுக் கவுன்

பகல் பதினொன்றேகால் மணிக்கு, ஹட்டன் பள்ளிக்கூட மைதானத்தில், என் மகளின் கவுன் முதுகில் கிழிந்தது. தேகாப்பியாச வகுப்பு. கைகளைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கியிருக்கிறாள். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் தையல் விட்டுப்போயிற்று. அந்த நேரத்தில் நான் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். எனக்கு விஷயம் தெரிந்தது, நாலு மணி பஸ் வந்து மற்றப் பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு அவளை மட்டும் இறக்காமல் போன பிறகுதான்.

அன்றைக்குப் பிறகு அந்தக் கவுனைப் பற்றி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பேசாதவர்கள் இல்லை. படித்தவள் செய்கிற காரியமா என்று கேட்டார்கள். வளர்ந்த பிள்ளைக்குப் பத்து வயதில் தைத்த உடுப்பை மாட்டி அனுப்பினாளே, துணி வாங்க வக்கில்லையா, இல்லை பைத்தியமா என்றார்கள். வக்கும் இருந்தது, புத்தியும் இருந்தது. ஏன் அப்படிச் செய்தேன் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்போது சொல்லியிருக்க மாட்டேன். இப்போது சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் பெண்பிள்ளைகளின் வயதைக் கங்காணி உடுப்பைப் பார்த்துத்தான் கணிப்பார். முட்டி தெரியக் கவுன் போட்டிருந்தால் சின்னப்பிள்ளை. தாவணி போட்டுவிட்டால் ஆள். ஆள் என்றால் தோட்டத்தில் பேர் பதியவேண்டும். பேர் பதிந்தால் விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வந்து வரிசையில் நிற்கவேண்டும், அன்றைக்கு எந்த மலையில் வேலை என்று அங்கேதான் பிரித்து விடுவார்கள். பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. கங்காணிக்கு அவர் கூட்டத்தில் எத்தனை தலை வேலைக்கு நிற்கிறதோ அத்தனைக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே அவருடைய கண் எப்போதும் பிள்ளைகளின் முட்டியிலேயே இருக்கும்.

இதில் எனக்கு வயிறு எரிவது வேறொன்றுக்கு. ஒரு பிள்ளை பெரியவளானால் சடங்குக்கு முதல் தாவணியைக் கங்காணிதான் தட்டில் வைத்துக் கொண்டுவருவார். பூ, பழம், மஞ்சள், மேலே மடித்த தாவணி. லயமே கூடி நின்று பெருமைப்படும். "கங்காணியார் நம்ம புள்ளைக்குக் கையால எடுத்துக் குடுத்தாரு" என்று தாய்மார்கள் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அடுத்த திங்கட்கிழமை அந்தத் தாவணியையே கட்டிக்கொண்டு பிள்ளை பெரட்டுக்குப் போகும். அது சீர் இல்லை என்று ஒருத்திக்கும் உறைத்ததில்லை.

எனக்கும் வந்தது. இந்தக் கங்காணியின் தகப்பனார் கொண்டுவந்த ரோஸ் நிறத் தாவணி. நான் ஹட்டனில் எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். வகுப்பில் பூகோளத்துக்கு என்னைத்தான் எழுப்பிக் கேட்பார்கள். சடங்கு முடிந்த திங்கட்கிழமை இடுப்பில் சாக்குப் படங்கைக் கட்டிக்கொண்டு, முதுகில் கூடையோடு நின்றேன். என் பூகோளப் புத்தகத்தைச் சூடான சட்டியை இறக்கிவைக்க அம்மா எடுத்துக்கொண்டாள்.

அதனால்தான் என் மகள் வளர ஆரம்பித்ததும் நான் கவுனைப் பிடித்துக்கொண்டேன். ஊரெல்லாம் பிள்ளை வளர்ந்தால் சந்தோஷப்படுகிறது. நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் முட்டியைப் பார்த்துப் பயந்தேன். விளிம்பை இறக்கித் தைத்தால் பெரிய பிள்ளையாகத் தெரிவாள், ஆகவே இறக்கவில்லை. பக்கத்துத் தையலைப் பிரித்து, மாச்சாக்குத் துணியை வெளுத்து, விரல் அகலத்துக்கு இரண்டு பக்கமும் ஒட்டுக் கொடுத்தேன். பிறகு இன்னொரு விரல். மார்பில் பழைய சேலைத்துண்டை இறுக்கிச் சுற்றிவிட்டேன். கங்காணி வீட்டைத் தாண்டும்போது குனிந்து நடக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

"அம்மா, மூச்சு விட முடியல."

"கொஞ்சமா விடு."

"முட்டிய வேற காட்டிக்கிட்டுப் போகணும். பஸ்ல கண்டக்டர் அரை டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துட்டு, பாப்பா பால்போத்தல மறந்துட்டீங்களான்னு கேக்குறாரு."

"கேட்டா கேட்டுட்டுப் போறான். நீ சன்னலப் பாரு."

"எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா."

"சிரிக்கட்டும். பெரட்டுல நின்னா யாரும் சிரிக்க மாட்டாங்க. அங்க போறியா?"

அதற்கு மேல் அவள் பேசமாட்டாள். அவளை அப்படி வாயடைத்து அனுப்பிவிட்டு நான் மலைக்குப் போவேன்.

மாசி மாதம் அவள் பெரியவளானாள். லயத்தில் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் கேட்கிற இடத்தில் அதை மறைப்பது லேசில்லை. மற்றவர்கள் எழும்புமுன் துணிகளை ஓடைக்குக் கொண்டுபோய் நானே அலசினேன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கணவருக்குத் தெரியும். ஒரே அறையில் இருந்துகொண்டு அவரிடம் எப்படி மறைப்பது? அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பயந்தவர்.

"விட்டுரு புள்ள. எல்லாரும் செய்யுறதத்தானே செய்யச் சொல்றாங்க. மாட்டோம்னா காம்பராவக் காலி பண்ணச் சொல்லுவாங்க. எங்க போறது?"

"அதனாலதான் மாட்டோம்னு சொல்லல. அவ இன்னும் சின்னப்புள்ளைன்னு சொல்றேன்."

"எத்தன நாளைக்கு?"

"பத்தாவது முடிக்கிற வரைக்கும்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் பக்கத்து லயத்துச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அக்கா எங்கடி?"

"கவுன் கிழிஞ்சிருச்சு அத்தை. டீச்சர் ஏசுனாங்க. நாளைக்கு ஒழுங்கான உடுப்புல வா, இல்லாட்டி வராதன்னாங்க. அக்கா பைய முதுகுல அணைச்சுக்கிட்டு கேட்டத் தாண்டிப் போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் வகுப்புக்கு வரல."

ஒரு பெண்பிள்ளை திறந்த முதுகோடு பள்ளிக்கூடக் கேட்டைத் தாண்டிப் பட்டப்பகலில் டவுனுக்குள் போகிறாள். அத்தனை ஆசிரியர்கள் இருந்தும் ஒருத்தருக்கும் பின்னால் ஓட மனம் வரவில்லை. பியோனை அனுப்பவில்லை. தோட்டத்துக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை. டவுன் முதலாளியின் மகளாக இருந்தால் அப்படி விட்டிருப்பார்களா? லயத்துப் பிள்ளைதானே, எங்கே போய்விடும் என்று இருந்திருப்பார்கள். எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அந்த ரோட்டோரமாகவே ஆறு ஓடுகிறது. போன வருஷம் வேறொரு தோட்டத்துப் பெண்ணை அதிலிருந்துதான் எடுத்தார்கள்.

என் கணவர் தொழிற்சாலையிலிருந்து ஓடிவந்து, ஹட்டனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப்போன லொறியில் தொற்றிக்கொண்டு போனார். நான் லயத்து வாசலில் நின்றேன். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. செய்தி பரவி, வேலை விட்டு வந்தவர்கள் கூடையைக்கூட இறக்காமல் கூடிவிட்டார்கள். பிறகு கங்காணி வந்தார், கோட்டும் குடையுமாக. பின்னால் அவர் மனைவி.

இதை எழுத எனக்குக் கசக்கிறது, ஆனாலும் எழுதவேண்டும். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் காரியமாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். ஆற்றோரம் தேட நாலு பேர், கினிகத்தேனைப் பக்கம் ரோட்டில் இரண்டு பேர், தோட்டத்து லாந்தர்களை எடுத்து வர ஒருத்தன் என்று உடனே பிரித்துவிட்டார். என் பிள்ளைக்காக அந்த மனிதனின் வாயைப் பார்த்து நிற்க வேண்டியிருந்தது.

"தங்கச்சி, பொறப்பட்டுப் போறவங்களுக்கு அடையாளம் சொல்லணும். என்ன உடுப்பு?"

"வெள்ளைக் கவுன்."

"எவ்வளவு ஒசரம் இருக்கும்?"

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"ஏம்மா, ஆத்தங்கரையில சிங்கள ஆளுங்ககிட்ட கேப்பாங்க. சின்னப்புள்ளையான்னு கேட்டா என்னா சொல்றது? எவ்வளவு ஒசரம்? கையால காட்டு."

அத்தனை பேரும் என் கையைப் பார்த்தார்கள். இடுப்புக்கு நேரே காட்டினால் அவர்கள் தேடப்போவது வேறொரு பிள்ளையை. என் மகள் எதிரே வந்தாலும் யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். மார்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, என் காதுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினேன்.

கங்காணியின் மனைவிதான் முதலில் வாய் திறந்தாள்.

"ஏண்டி, போன மாசந்தான் கேட்டேன், இன்னும் எம் மடிக்குள்ள தூங்குற புள்ளைன்னு சொன்ன. இந்த ஒசரத்துப் புள்ள எப்புடிடி ஒம் மடிக்குள்ள அடங்குச்சு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிள்ளையைக் காணவில்லை என்று ஒருத்தி நிற்கிறாள், சிரித்தார்கள். இன்னொரு குரல், "அப்ப சமைஞ்சிருக்கும், மறைச்சிட்டா" என்றது. ஆற்றுப் பக்கம் புறப்பட்டவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"போங்கடா ஆத்துக்கு!" என்று கத்தினேன். "எம் புள்ள உசுரோட வரட்டும், அப்புறம் எல்லாரும் ஒக்காந்து சிரிங்க!"

கங்காணி சிரிக்கவில்லை. குடையை மடக்கினார். குரலைத் தாழ்த்தி, ஆறுதல் சொல்கிறவரைப்போலச் சொன்னார்:

"பயப்படாத. கெடைச்சிரும். இவ்வளவு வளந்த புள்ளைய கவுனோட அனுப்பலாமா? பள்ளிக்கூடமும் வேணாம், இந்த அலைச்சலும் வேணாம். வந்த கையோட சடங்கு வச்சிருவோம். தாவணி நான் எடுக்குறேன்."

அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. அவர் எனக்கு நல்லது செய்வதாகவே நம்பினார். சுற்றி நின்ற பெண்கள் தலையாட்டினார்கள். அந்த நிமிஷத்தில், பிள்ளை உயிரோடு வந்தால் போதும், எந்த மலைக்கு வேண்டுமானாலும் அனுப்புகிறேன் என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த மனிதர் முன்னால் அதைச் சொல்ல இருந்தேன். எனக்கு இப்போது வருகிற கோபத்தில் பாதி அதை நினைத்துத்தான்.

ஆறு மணி பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. வழக்கமாக எங்கள் சந்தியில் யாரும் இறங்காத பஸ் அது. நின்றது. முதலில் முக்காடு போட்ட ஓர் அம்மாள் இறங்கினார். ஹட்டன் கடைவீதியில் தையல்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவரின் மனைவி என்று பிறகு தெரிந்தது. அவருக்குப் பின்னால் பச்சைப் பாவாடையும் வெள்ளைத் தாவணியுமாக ஒரு பெண் இறங்கினாள். யாரோ என்று நினைத்து, அவளைத் தாண்டி பஸ்ஸுக்குள் என் மகளைத் தேடினேன்.

அவளேதான்.

நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். அடிக்கக் கை ஓங்கினேனோ அணைக்கத்தான் தூக்கினேனோ, தெரியவில்லை. அந்த அம்மாள் நடுவில் வந்தார்.

"புள்ளைக்கு அடிக்காதீங்க. ரொம்ப நேரமா கடைச் சுவர்ல முதுக ஒட்டிக்கிட்டு நின்னிச்சு, கூப்பிட்டாலும் நகரல. நான்தான் உள்ளுக்குக் கூட்டிப்போய் என் மகட உடுப்பக் குடுத்தேன். உடுத்தினதும், மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரப் பாக்கணும்னு ஒரே பிடிவாதம். கூடப் போனேன். அதுக்குள்ள நாலு மணி பஸ் போயிட்டு. தனிய எப்படி அனுப்புற? அதான் நானும் வந்தேன்."

அதற்குள் கங்காணி பக்கத்தில் வந்துவிட்டார். கூட்டமும் வந்துவிட்டது. லாந்தரை உயர்த்தி அவளை மேலிருந்து கீழே பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, தாவணியே போட்டாச்சா! நல்லதாப் போச்சு. அப்ப திங்கக்கெழம..."

"திங்கக்கெழம எனக்குப் பரீட்சை மாமா," என்றாள் என் மகள். "மேல் வகுப்புல எல்லாப் புள்ளைகளும் தாவணிதான். நானும் இப்புடியே வரலாமான்னு டீச்சர்ட்ட கேட்டுட்டேன். வரச் சொல்லிட்டாங்க. நான் வேலைக்கு வர மாட்டேன்."

கங்காணி என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. அவளும் என் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. அழுததால் இல்லை, ஆத்திரத்தால்.

"அம்மா, நீ ஒருநாளாவது அவர்ட்ட இத சொல்லியிருக்கியா?"