‘பரவாயில்லை’ என்று சொல்லாதீர்கள்

ஒருநாள் காலையில் எழுந்தபோது விரல்கள் மடங்கவில்லை. ஓசூரில் மின்சாதனக் கம்பெனி ஒன்றில் சின்னச் சின்னத் திருகாணிகளைப் பொருத்துவது என் வேலை. விரல் மடங்காதவளுக்கு அங்கே இடமில்லை. முடக்குவாதம் (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) என்றார் மருத்துவர்.

கடைக்குப் புதிதாக வந்திருந்த மாத்திரை ஒன்றை எழுதித் தந்தார். கூடவே விற்பனைக்குப் பிந்தைய ஆய்வு (விற்பனைக்கு வந்த மருந்து பலரிடம் எப்படி வேலை செய்கிறது என்று கவனிப்பது) ஒன்றிலும் சேர்த்துவிட்டார். மாத்திரை இலவசம். செலவெல்லாம் மருந்துக் கம்பெனியுடையது. நல்ல மனசுக்காரர்கள் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

ஆய்வுக்காகக் கம்பெனி வைத்திருந்த பணியாளர் போனில் விசாரிப்பார். கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார்.

“சென்னாகிதீரா அக்கா? நல்லாயிருக்கீங்களா? மாத்திரை ஒத்துக்குதா?”

“குமட்டுதுங்க. சோத்தப் பாத்தாலே வாந்தி வருது. பரவாயில்லைங்க, தாங்கிக்கிறேன்.”

பேருந்தில் காலை மிதித்தவரிடமும் பரவாயில்லை என்றுதான் சொல்கிறோம். வலிக்கவில்லை என்றா அதற்குப் பொருள்? கன்னடத்திலும் அதே சொல்தான், அதே மரியாதைதான். அவருக்கு விளங்காமல் இல்லை.

“கண்ணு என்ன மஞ்சளா இருக்குது?” என்று ஒருநாள் கேட்டார் கணவர். கல்லீரல் வீங்கியிருந்தது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்தார். அங்கிருந்த மருத்துவர் அம்மா, மாத்திரைதான் காரணம் என்று சொல்லி உடனே நிறுத்தினார். மழைக்காலம் முழுக்கக் கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை.

தேறியதும் ஓசூர் மருத்துவரிடம் போனேன். எனக்கு வந்தது இன்னொருத்திக்கு வரக்கூடாது, அதற்கு இது ஆய்வு அறிக்கையில் ஏற வேண்டும். வேறெதையும் கேட்கப் போகவில்லை.

“ஆய்வு முடிஞ்சுதும்மா. நல்ல ரிசல்ட்டு.”

“என் ஈரல் கெட்டதைப் போட்டீங்களா சார்?”

“நீங்க பாதியில நிறுத்திட்டீங்க. கடைசி வரைக்கும் சாப்பிட்டவங்களை மட்டும்தான் எடுத்திருக்காங்க.”

“நிறுத்தறதுக்கு முன்னாடியே குமட்டுதுன்னு சொன்னேனே?”

“பரவாயில்லைன்னு சொன்னதாத்தான் பதிவாகியிருக்குது.”

“யாரை எடுக்கணும், யாரை விடணும்னு யாரு சார் முடிவு பண்றது?”

“பணம் போடறவங்க. அறிக்கையை எழுதறதும் அவங்கதான். என் பேரு மட்டும் இருக்கும்.”

இதைச் சொல்ல அவருக்குக் கூச்சம்கூட இல்லை.

என்னைப் போல ஆய்வில் சேர்ந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். பணம் யாருடையது என்று முதலில் கேளுங்கள். வலித்தால் வலிக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். மரியாதைக்காக ஒரு சொல்கூடச் சேர்க்காதீர்கள்.

இப்போது வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கும் பழைய மாத்திரைதான் சாப்பிடுகிறேன். விரல்கள் பாதி மடங்குகின்றன, பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். போன வாரம் மருந்துக்கடையில் என் வயதுப் பெண் ஒருத்தி அதே புது மாத்திரையை வாங்கினாள். “சோதிச்சுப் பாத்த மாத்திரைதான்கா, தைரியமா சாப்பிடுங்க” என்றார் கடைக்காரர். வெளியே வந்ததும் அவளை நிறுத்தி எனக்கு நடந்ததைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?” என்று கேட்டாள்.

கல்லீரல் முழுதாகத் தேறிவிட்டது என்கிறார்கள். அவர்கள் அறிக்கைப்படி அது கெடவே இல்லை. நான் கிடந்த அந்த மழைக்காலமும் வரவே இல்லை.