வெள்ளிக்கிழமை மட்டும் காலாவதியான டோக்கன்

யாரையும் சட்டென்று நம்புகிற பழக்கம் எனக்கில்லை. ஈப்போவில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவளுக்கு அது தொழில் வியாதி. பக்கத்து ஊர் சுங்கை சிப்புட்டில் லோரி கம்பெனி நடத்தும் முதலாளி போன் செய்தபோது முதலில் அவரையே சந்தேகப்பட்டேன்.

“வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் ஆபீஸ் கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் தப்புனு காட்டுதும்மா. நான் மூடித் தொறந்தா ஓடுது, கிராணி தொட்டா ஓடல. அவன்தான் என்னமோ பண்றான்லா. நீ வந்து பிடிச்சுக் குடு, அன்னிக்கே அவனை அனுப்பிடுறேன்.”

அலுவலக எழுத்தரை அவர் இன்னும் எஸ்டேட் வழக்கில் கிராணி என்றுதான் சொல்வார். செம்பனைப் பழக்குலை ஏற்றிப் போகும் ஒவ்வொரு லோரியின் விவரத்தையும், எல்லாரும் பாய் என்று கூப்பிடும் அந்த முஸ்லிம் எழுத்தர்தான் எண்ணெய் மில்லின் கணினிக்கு அனுப்புவார். அது ஏற்றுக்கொண்டால்தான் மில் கேட் திறக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை போனேன். பாய் தொழுகைக்குக் கிளம்பியதும் மற்றவர்கள் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்த பாய், லோரி எண்ணை அடித்து அனுப்பினார். நான் அவர் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ‘பாஸ்வேர்ட் தவறு’ என்றது திரை. ஆனால் அவர் பாஸ்வேர்டே அடிக்கவில்லையே!

பதிவுகளைத் திறந்தேன். காலையில் பாஸ்வேர்ட் அடித்து நுழையும்போது மில்லின் கணினி ஒரு டோக்கன், அதாவது தற்காலிக அனுமதி எண், தருகிறது. ஒரு மணி நேரம் எதுவும் அனுப்பாவிட்டால் அது காலாவதியாகிவிடும். மற்ற நாட்களில் மாற்றி மாற்றிச் சாப்பிடுவதால் யாராவது எதையாவது அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவேளை. முதலாளி மூடித் திறந்து மறுபடி நுழைந்ததால் அவருக்குப் புது டோக்கன் கிடைத்திருக்கிறது. மில் ‘டோக்கன் காலாவதி’ என்றுதான் சொல்கிறது. இந்த அலுவலக மென்பொருளை எழுதிய புண்ணியவான் எந்த மறுப்பு வந்தாலும் ‘பாஸ்வேர்ட் தவறு’ என்று காட்டச் சொல்லியிருக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலாவதி என்று வந்தால் புது டோக்கன் வாங்கி, அதே விவரத்தை ஒரே ஒரு முறை மறுபடி அனுப்பும்படி மாற்றினேன். அதற்கும் மறுத்தால் உண்மையான காரணத்தைச் சொல்லிவிட்டு நிற்கும். முதலாளியிடம் எல்லாவற்றையும் காட்டினேன். “அப்ப கிராணி ஒண்ணும் பண்ணலையா?” என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

பாய் என்னை வாசல்வரை வழியனுப்ப வந்தார். “கம்ப்யூட்டர் சரியாயிடுச்சு அக்கா. முதலாளி என்னைப் பாக்குற பார்வை சரியாகுமா?”

நான் காரில் ஏறி ஈப்போ திரும்பினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதலாளி அழைத்தார். மில் கேட்டில் ஒரு லோரியும் மாட்டி நிற்கவில்லையாம். பாய் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“அவனா? வேலைய விட்டுட்டுப் போயிட்டான்லா. பாத்தியா, எல்லாம் அவன் வேலைதான்னு நான் அப்பவே சொன்னேன்ல?”